பாறைக்குழிக்கு வந்த மரியாதை

எங்கள் கம்பெனிக்குப் பின்னால் ஒரு பாறைக்குழி இருக்கிறது. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் சில தையல் மெஷின்கள், செக்கிங் செய்ய ஒரு மேசை, என் கணவர், நான். பெரிய பனியன் கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கிற துணியைத் தைத்துக் கொடுப்பது எங்கள் தொழில். நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமான புதிதில் பிழைக்க வந்தவர்கள். பல்லடத்தை ஒட்டிய இந்த ஊரில் பல வருடம் வாடகைக்கு இருந்துவிட்டு, இங்கேயே இடமும் வாங்கினோம். குழிக்குப் பக்கத்தில் யாரும் இடம் வாங்க மாட்டார்கள் என்பதால் எங்களால் வாங்க முடிந்தது.

அந்தக் குழியில் கல் உடைப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். மழைத் தண்ணீர் தேங்கிப் பச்சையாக நிற்கும். கோழிக்கடைக்காரர் இறகையும் குடலையும் மூட்டை கட்டிக் கொண்டுவந்து அதில்தான் வீசுவார். கல்யாண மண்டபத்து எச்சில் இலை அங்கேதான் போகும். துணி வெட்டி மிஞ்சும் கட்டிங் வேஸ்ட்டைக் கரையில் குவித்துக் கொளுத்தினால், எங்கள் கொட்டகைக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் அழுதுகொண்டே தைப்பார்கள். நான் பலமுறை ஊரில் முறையிட்டிருக்கிறேன். "அது பாறைக்குழிதானுங்க, வேறெங்க கொட்டறது?" என்பார்கள்.

அந்தக் குழிக்கு மரியாதை வந்தது ஒரு கூட்டத்தில்.

சாயப்பட்டறைகள் சேர்ந்து நடத்துகிற ஒரு நிறுவனம் எங்களைக் கல்யாண மண்டபத்துக்கு அழைத்திருந்தது. கேசரி, இட்லி, பொங்கல், வடை எல்லாம் போட்டார்கள். சாப்பிட்டு முடித்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்கள். ஊர் நாகரிகம் தெரிந்தவர்கள்.

விஷயத்தைச் சொல்ல சென்னையிலிருந்து ஓர் இளம்பெண் வந்திருந்தாள். கைத்தறிப் புடவை, கையில் லேப்டாப். திட்டங்களுக்கு மக்களிடம் சம்மதம் வாங்குவதுதான் அவளுடைய வேலையாம். அதற்குச் "சமூக ஏற்பு" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெண் கேட்டுப் போகிற தரகரைப்போல இதமாகப் பேசினாள். சாயத் தண்ணீரைச் சுத்திகரித்த பிறகு அடியில் ஒரு சேறு மிஞ்சுகிறது. இப்போது அது மூட்டை மூட்டையாகக் கிடங்குகளில் கிடக்கிறது. அதை எங்கள் பாறைக்குழியில் கனமான பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு, அடுக்கி, மேலேயும் மூடி, நிரந்தரமாக வைக்கப்போகிறார்கள். இவ்வளவுதான் விஷயம். ஆனால் அவள் வாயில் சேறு என்ற சொல் ஒருமுறைதான் வந்தது. மற்ற நேரமெல்லாம் "பொருள்" என்றே சொன்னாள்.

"இந்தப் பொருள் இங்கே பாதுகாப்பா இருக்கும். யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லாம, அமைதியா."

என் கணவர் என் காதில், "ஏட்டி, நம்மூர்ல பொணத்தைப் புதைக்கும்போதுதான் இப்படிச் சொல்லுவான்" என்றார்.

திரையில் கடைசியாக ஒரு படம் வந்தது. குழி இருந்த இடத்தில் புல்வெளி, பூச்செடி, ஊஞ்சல். ஊஞ்சலில் ஆடிய பிள்ளைகள் எல்லாரும் வெள்ளைக்காரப் பிள்ளைகள். அவர்கள் எப்போது எங்கள் ஊருக்குக் குடிவருவார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அப்போது எங்கள் ஊர்ச் சாயப்பட்டறைக்காரர் எழுந்தார். ஊரில் பாதி நிலம் அவருடையது. தோட்டத்தில் தென்னை, டவுனுக்குப் போகிற வழியில் சாயப்பட்டறை, வேட்டி எப்போதும் தும்பைப்பூ வெள்ளை.

"ஏனுங்க அம்மிணி, இத்தன பாதுகாப்பானதுன்னா உங்க ஊட்டுப் பக்கத்துலயே வெச்சுக்கலாமுங்களே?"

மண்டபமே கைதட்டியது. அந்தப் பெண் அசரவில்லை. சிரித்த முகத்தோடு, "சார், இது எங்க வீட்டுல வர்ற பொருள் இல்லைங்க. உங்க யூனிட்ல வர்றது" என்றாள்.

கைதட்டல் நின்றுவிட்டது. சாயப்பட்டறைக்காரர் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு யோசித்தார். பிறகு, "வர்றது வேறங்க. வெக்கறது வேறங்க" என்றார்.

இந்தமுறை இன்னும் பலமாகக் கைதட்டினோம். நானும்தான்.

மறுநாளே போராட்டக் குழு ஒன்று உருவானது. தலைவர், வேறு யார், சாயப்பட்டறைக்காரர். முதல் கூட்டத்திலேயே பாறைக்குழிக்குப் பெயர் மாறிவிட்டது. இனிமேல் அது "நீர்நிலை". அங்கே மயில் தண்ணீர் குடிக்க வருகிறது என்றார் ஒருவர். தன் தாத்தா காலத்தில் அதில் நீச்சல் பழகியதாக இன்னொருவர் சொன்னார். தாத்தா காலத்தில் அங்கே குழியே இல்லை, வெறும் பாறைதான் இருந்தது என்று பக்கத்தில் இருந்தவர் இடித்தும் அவர் கேட்கவில்லை. கோழிக்கடைக்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்ற உசுரு இருக்கற வரைக்கும் அந்தத் தண்ணிய நாசம் பண்ண உடமாட்டனுங்க" என்றார். அன்று காலை அவர் வீசிய மூட்டை எங்கள் கொட்டகைப் பக்கம் ஒதுங்கி மிதந்துகொண்டிருந்ததை நான் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன். ஊரே ஒற்றுமையாக இருக்கும்போது இறகைப் பற்றிப் பேசுவது நாகரிகமாக இருக்காது என்று வாயை மூடிக்கொண்டேன்.

நீர்நிலையைப் படம் எடுக்கப் பத்திரிகையிலிருந்து ஆள் வருவதாகத் தெரிந்ததும் ஒரு பக்கத்தை மட்டும் சுத்தம் செய்தார்கள். கரையில் ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசிக் கன்னிமார் சாமியாக்கினார்கள். படம் எடுத்தவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவரை இந்தப் பக்கமே திருப்பிவிட நாலு பேர் நின்றார்கள்.

போராட்டத்துக்கு எல்லாரும் ஒரே நிறத்தில் டீ-சர்ட் போட வேண்டும் என்று முடிவானது. பனியன் ஊரில் வேறென்ன முடிவாகும்? தைக்கிற பொறுப்பு எங்களுக்கு வந்தது. துணியை ஒருவர் இலவசமாகக் கொடுத்தார். நிறத்துக்குத்தான் சண்டை. எந்த நிறத்தை எடுத்தாலும் அதற்கு ஒரு கட்சி இருந்தது. கடைசியில் எந்தக் கட்சியும் எடுத்துக்கொள்ளாமல் விட்டுவைத்திருந்த அரக்கு நிறத்தில் வந்து நின்றது. சாயம் போட்டுத் தரும் செலவு தலைவருடையது.

துணியை வாங்கிவர நான்தான் அவருடைய பட்டறைக்குப் போனேன். சாயம் போடும் மாஸ்டர் சலித்துக்கொண்டார். "டார்க் கலருங்க. அலசி அலசிக் கை ஓஞ்சுபோச்சு. போராட்டத்துக்கு ஒரு லைட் கலரு எடுக்கப்படாதுங்களா?"

"அலசுன தண்ணியெல்லாம் எங்கங்க போகும்?" என்றேன்.

"சுத்தம் பண்ணப் போகுமுங்க."

"பொறகு சேறு?"

மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதுக்குத்தானுங்க எடம் தேடிட்டு இருக்காங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இதற்கிடையே அந்தச் சென்னைப் பெண் எங்களை விடவில்லை. வேறு மாவட்டத்தில் இதேபோல் நடக்கிற ஓரிடத்தைக் காட்ட ஏசி பஸ்ஸில் அழைத்துப் போனாள். போராட்டக் குழு முழுவதும் ஏறியது. எதிரியின் பலத்தைத் தெரிந்துகொள்ளத்தான் வருவதாகத் தலைவர் ஏறும்போதே அறிவித்துவிட்டார். போன இடத்தில் செம்பருத்திச் செடிகளும், வெள்ளையடித்த கற்களும், பசும்புல் மூடிய ஒரு மேடும் இருந்தன. எங்களுக்குத் தொப்பி கொடுத்து மேட்டைச் சுற்றிக் காட்டினார்கள். அங்கிருந்த மேலாளர், இங்கே நிலத்தடி நீர் அவ்வளவு சுத்தம் என்று சொல்லிவிட்டு, பாட்டில் தண்ணீரைத் திறந்து குடித்தார். கிளம்பும்போது ஆளுக்கொரு ஹாட்பாக்ஸ் கொடுத்தார்கள். "இதுக்கெல்லாம் மயங்கற ஆளுங்க இல்லீங்க நாங்க" என்று சொல்லியபடி தலைவர் தன்னுடையதை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். வராதவர்களுக்காகவும் சிலர் வாங்கிக்கொண்டார்கள்.

கருத்துக் கேட்புக் கூட்டம் வந்தது. பள்ளி மைதானத்தில் பந்தல். மேடையில் அதிகாரிகள். கூட்டம் அதிகமாகத் தெரியவேண்டும் என்று ஊர்க் கம்பெனிகள் எல்லாம் அரைநாள் மெஷினை நிறுத்தி, சம்பளத்தோடு ஆட்களை அனுப்பின. எங்கள் கொட்டகையிலிருந்தும் எல்லாரும் அரக்கு டீ-சர்ட் மாட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்களில் ஒருத்தி ஓவர்லாக் மெஷினில் துணி ஓரம் தைக்கிற ஜார்க்கண்ட் பெண். புருஷனோடும் கைக்குழந்தையோடும் வந்து சில வருடம் ஆகியிருந்தது. தமிழ் நன்றாகவே பேசுவாள். என்னைத் "தீதி" என்பாள். அக்கா என்று அர்த்தம்.

எல்லாரும் "வேண்டாம் வேண்டாம்" என்று கத்தியபோது அவளும் கத்தினாள். நடுவில் என் பக்கம் சாய்ந்து, "தீதி, எது வேண்டாம்?" என்றாள்.

"நம்ம குழியில சாயச் சேறு கொண்டாந்து வைக்கப் போறாங்களாம். அதுதான்."

"அப்ப அத எங்க வைப்பாங்க?"

"அது அவங்க பாடு."

அவள் தலையாட்டிவிட்டு மறுபடியும் கத்தினாள். அவளுடைய குரல்தான் அன்றைக்கு மேடை வரை போனது.

ஜெயித்தோம். எங்கள் ஊரில் கடும் எதிர்ப்பு இருப்பதால் திட்டம் வேறு இடத்துக்குப் போகிறது என்று தகவல் வந்ததும் பட்டாசு வெடித்தார்கள். தலைவர் ஊத்துக்குளியிலிருந்து வெண்ணெய் வரவழைத்து, உருக்கி, அந்த நெய்யிலேயே மைசூர்பாகு கிண்டச் சொல்லி வீடு வீடாகக் கொடுத்தார். கோழிக்கடைக்காரர் மறுவாரமே தம் மூட்டையோடு நீர்நிலைக்கு வந்துவிட்டார். நான் கொட்டகையிலிருந்து சத்தம் போட்டேன். அவர் நிஜமாகவே குழம்பிப்போய், "அதான் பிரச்சன முடிஞ்சுபோச்சுங்களே?" என்றார்.

கொஞ்ச காலம் கழித்து ஒரு நாள் ஓவர்லாக் பெண் வேலைக்கு வந்ததும் மெஷினில் உட்காராமல் என்னிடம் வந்தாள்.

"தீதி, எங்க ரூமுக்குப் பின்னால குழில லாரி வருது. அந்தச் சேறுதான்."

அவள் குடியிருப்பது குண்டடம் போகிற சாலையில். அங்கே காட்டுக்கு நடுவில் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகள். பனியன் வேலைக்கு வந்த வடநாட்டுக் குடும்பங்கள்தான் அத்தனையும். கம்பெனி வேன் வந்து அழைத்துப் போகும். அதற்குப் பின்னாலும் ஒரு பாறைக்குழி. அங்கே மயிலைப் பார்த்தவர் யாரும் இல்லை போலிருக்கிறது.

"உங்ககிட்ட யாரும் கேட்கலையா? கூட்டம் எதுவும் போடலையா?"

"எனக்குத் தெரியாது தீதி. நாங்க வேலைக்குப் போயிருப்போம்."

விசாரித்தபோது தெரிந்தது. கூட்டம் முறைப்படி நடந்திருக்கிறது. ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். ஒரு வேலை நாளில், லைன் வீடுகள் பூட்டிக் கிடந்த நேரத்தில், உள்ளூர்க்காரர்கள் சிலரை மட்டும் வைத்துக் கூட்டம் நடத்தி, யாரும் ஆட்சேபிக்கவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். குழியும் அதைச் சுற்றிய நிலமும் லைன் வீடுகளும் ஒருவருக்கே சொந்தம். அவர் எங்கள் போராட்டத் தலைவரின் மச்சான்.

நான் நேராகத் தலைவரின் தோட்டத்து வீட்டுக்குப் போனேன். வாசலுக்கே வந்து, "வாங்க அம்மிணி, காப்பி குடிங்க" என்றார். மரியாதைக்கு எப்போதும் குறை வைக்காத மனிதர். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"நமக்காச்சு, நம்ம ஊருக்காச்சுங்க. அக்கட்டால வேற ஊருல நடக்கறதுக்கு நாம என்ன பண்றதுங்க?"

"அங்க குடும்பம் குடும்பமா இருக்காங்களேங்க. குழந்தைங்க இருக்கு."

"அவிங்க இன்னிக்கு இருப்பாங்க, நாளைக்கு வண்டியேறிப் போயிருவாங்க. நெலையா இருக்கறவங்களத்தானுங்க கேக்கோணும்."

"நானும் அப்படி வந்தவதாங்க. அந்தச் சேறு அப்பவே வந்திருந்தா எங்களையும் கேட்டிருக்க மாட்டீங்க."

அவர் சங்கடப்பட்டார். உண்மையிலேயே என்னை நோகடிக்க விரும்பாமல், "நீங்க வேறங்க அம்மிணி. நீங்க எடம் வாங்கிட்டீங்களே" என்றார்.

காப்பி வந்தது. குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். அப்போது பெரிய காரியம் செய்ததாகத்தான் தோன்றியது. வீட்டில் சொன்னதும் என் கணவர், "காப்பிய வேண்டாம்னுட்டா லாரி நின்னுருமோ?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை மறுநாள் லைன் வீடுகளுக்குப் போக வைத்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. லைன் வீட்டுப் பெண்கள் கூடியிருந்தார்கள். அவர்கள் யாரும் "வேண்டாம்" என்று சொல்லவில்லை என்பதுதான் எனக்கு முதலில் புரியாமல் இருந்தது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை தங்களுக்கு உண்டு என்ற எண்ணமே அவர்களிடம் இல்லை. லாரி மூடாமல் வருகிறது, காய்ந்த சேறு தூசியாகப் பறந்து துவைத்த துணியிலும் சோற்றிலும் விழுகிறது, பிள்ளைகள் குழியோரம் விளையாடுகிறார்கள், தடுப்பு இல்லை. இதைத்தான் மாறி மாறிச் சொன்னார்கள். வீட்டுச் சொந்தக்காரரிடம் சொன்னார்களாம். இஷ்டமில்லாவிட்டால் காலி செய்யுங்கள் என்றாராம்.

நான் என் பங்குக்கு நியாயம், சட்டம் என்றெல்லாம் பேசிப் பார்த்தேன். ஓவர்லாக் பெண் அதை இந்தியில் சொல்லிக்கொண்டே வந்தவள், ஓரிடத்தில் நிறுத்திவிட்டாள். "தீதி, நாளைக்குக் காலைல லாரி வரும்போது நாங்க ரோட்டுல உக்காரப் போறோம். நீங்க வந்தா நல்லாருக்கும். நாங்க மட்டும்னா லாரிய மேல ஏத்திருவான்."

போனேன். குடங்களை முன்னால் வரிசையாக வைத்துவிட்டு மண்ரோட்டில் உட்கார்ந்திருந்தோம். டிப்பர் லாரி வந்தது. டிரைவர் ஹாரனை அழுத்திப் பார்த்தான், திட்டிப் பார்த்தான், கடைசியில் எஞ்சினை அணைத்துவிட்டு யாருக்கோ போன் செய்தான். கொஞ்ச நேரத்தில் வெள்ளைக் கார் ஒன்று வந்தது. எங்கள் தலைவர் இறங்கினார். தரையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்ததும் திகைத்துவிட்டார்.

"அம்மிணி, நீங்க எங்கங்க இங்க?"

"லாரிய மூடி ஓட்டச் சொல்ல வந்தோமுங்க."

"இது நம்ம பட்டறை லாரிங்க!"

"அதனாலதாங்க தைரியமா உக்காந்திருக்கோம்."

அவருக்குப் பின்னாலேயே அந்தச் சென்னைப் பெண்ணும் ஜீப்பில் வந்து சேர்ந்தாள். முகம் கறுத்து இளைத்திருந்தாள். கைத்தறிப் புடவைக்குப் பதிலாகச் சுடிதார், தூசி படிந்த ஷூ. லைன் வீட்டுப் பெண்கள் சொல்லச் சொல்ல நின்று கேட்டாள். தார்ப்பாய் போடாமல் ஒரு லாரியும் உள்ளே வராது, குழியைச் சுற்றிச் சுவர் வரும் என்று ஒப்புக்கொண்டாள். பேச்சு முடிந்ததும் நான் அவளைத் தனியே பிடித்தேன்.

"இங்க இருக்கறவங்களைக் கேக்காமலே எப்படிம்மா சம்மதம் வாங்குன?"

"நான் வாங்கலைங்க. நான் இங்க வர்றதுக்கு முன்னாடியே வாங்கிட்டாங்க" என்றாள். பிறகு கொஞ்சம் கோபத்தோடு, "ஆனா ஒண்ணு சொல்றேன். உங்க ஊர்ல அத்தனை நாள் வந்தேன். தார்ப்பாய் போடுவியா, சுவர் கட்டுவியா, விரிப்புக் கிழிஞ்சா என்ன பண்ணுவேன்னு ஒருத்தர் கேட்கலை. போ, போன்னுதான் சொன்னீங்க. போயிட்டோம்."

சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டாள்.

சுவர் வந்தது. லாரிகள் தார்ப்பாய் போட்டுக்கொண்டன. சுவர் வந்த கையோடு, பாதுகாப்பான இடமாகிவிட்டது என்று சொல்லி மச்சான் லைன் வீட்டு வாடகையை ஏற்றினார். எங்களுக்குச் சில மாதம் தையலுக்குத் துணி வருவது குறைந்தது. யாரும் எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. "ஆர்டர் இல்லீங்க" என்பார்கள் பெரிய கம்பெனிக்காரர்கள், அவ்வளவு மரியாதையாக. பிறகு ஷிப்மென்ட் நெருக்கடி வந்து, ஆள் கிடைக்காமல் அவர்களே திரும்பி வந்தார்கள். தலைவர் இப்போதும் வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்தி நலம் விசாரிக்கிறார். சென்ற முறை, எங்கள் ஊர்ப் பாறைக்குழியை மூடி அங்கே ஒரு குடோன் கட்டினால் என்ன என்று என் அபிப்பிராயம் கேட்டார். நீர்நிலை ஆயிற்றே என்றேன். "எதுங்க?" என்றார்.

லைன் வீட்டுப் பக்கத்துக் குழிக்குக் கண்காணிப்புக் குழு ஒன்று வைத்திருக்கிறார்கள். அதில் பொதுமக்கள் சார்பில் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. ஓவர்லாக் பெண்ணின் பெயரை லைன் வீடுகளில் குடியிருப்பவர்கள் சொன்னார்கள். அவளுக்கு அந்த ஊரில் ஓட்டு இல்லை. அங்கிருந்த யாருக்குமே இல்லை. அதனால் பொதுமக்களாக மச்சானைப் போட்டுக்கொண்டார்கள். குழுவின் கூட்டம் திருப்பூரில் ஒரு ஓட்டலில் நடக்கிறது.

அவள் சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அந்தச் சுவரின் கேட்டில் நிற்பாள். காவலுக்கு இருப்பவன் ஜார்க்கண்டில் அவளுடைய பக்கத்து மாவட்டத்துக்காரன். ஊர்ப் பேச்சு பேசுவதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்வாள். மழை பெய்தால் அடியில் ஊறுகிற தண்ணீரை இறைக்க ஒரு மோட்டார் வைத்திருக்கிறார்கள். அது ஓடுகிறதா, விரிப்பு விலகியிருக்கிறதா என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. திங்கட்கிழமை மெஷினில் உட்கார்ந்ததும் எனக்குச் சொல்வாள்.

போன வாரம் பெரிய மழை. திங்கட்கிழமை அவள் வந்ததும் நானே கேட்டேன், மோட்டார் ஓடியதா என்று.

"ஓடுச்சாம் தீதி. தண்ணி அரக்குக் கலர்ல வந்துச்சாம்" என்றாள். ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "அத எங்க கொண்டுபோய் ஊத்தறாங்கன்னு கேட்டேன். அது அவனுக்குத் தெரியாதாம். அடுத்த வாரம் லாரிக்காரனைக் கேட்கணும்."